லெட்சுமியா லட்சுமியா: ஓஃபர் லெட்டர் வந்த பிறகு பார்க்க வேண்டிய கடதாசிகள்

மகளுக்குப் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஓஃபர் லெட்டர், அதாவது படிக்க இடம் தருகிறோம் என்ற கடிதம், வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் இப்போது கேட்பது, வீசா எப்போது போடுவது என்பதைத்தான். அதற்கு முன் நான்கு கடதாசிகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர் தரச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு. பெயரை எழுத்துக் கூட்டி வாசியுங்கள்.

மலையகத்தில் நான்கிலும் ஒரே பெயர் இருக்கும் வீடு குறைவு. பிறப்புப் பதிவில் அப்பா பெயர் முன்னால் இருக்கும், பள்ளிக்கூடத்தில் அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும், கடவுச்சீட்டில் பின்னால் போயிருக்கும். ஈஸ்வரி ஆங்கிலத்துக்குப் போகும்போது ஓரிடத்தில் 'வி', இன்னோரிடத்தில் 'டபிள்யூ'. அம்மா பெயர் செக்ரோலில் (தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவில்) லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, வங்கிக் கணக்கில் லெச்சுமி. ஊரில் இதை யாரும் பிழையாக நினைப்பதில்லை. வீசா அதிகாரிக்கோ இவர்கள் மூன்று பெண்கள்.

எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால், "இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஆளையே குறிக்கும்" என்று ஒரு சத்தியக்கடதாசியை சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளலாம். பிறந்த திகதி மாறியிருந்தாலோ, பெயரே வேறாக இருந்தாலோ அது போதாது. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் திருத்த வேண்டியது பிறப்புச் சான்றிதழ், மற்றவை அதன் பின்னால்தான் வரும். இதற்கு மாதங்கள் ஓடும் என்பதால் ஓஃபர் வந்த வாரமே போங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழுக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் அவருடைய முழுப்பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விபரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி எல்லாம் இருக்க வேண்டும். வெறும் ரப்பர் முத்திரையை நம்பி வாங்கி வராதீர்கள்.

கடவுச்சீட்டு பழையதென்றால் இப்போதே புதுப்பியுங்கள், கண்டி அலுவலகத்திலேயே செய்யலாம். பிறகு புதுப்பித்தால் இலக்கம் மாறும், பல்கலைக்கழகம் அனுப்பும் கடதாசியில் பழைய இலக்கம் நிற்கும்.

அந்தக் கடதாசியின் பெயர் காஸ் (CAS): மாணவரைப் படிப்புக்குச் சேர்த்துக்கொண்டோம் என்று பல்கலைக்கழகம் தரும் உறுதிப்படுத்தல். ஓஃபர் லெட்டரும் காஸும் ஒன்றல்ல. ஓஃபரில் நிபந்தனை இருந்தால் (பெரும்பாலும் உயர் தரப் பெறுபேறு, ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் புள்ளி) அதை நிறைவேற்றி, நிபந்தனையற்ற ஓஃபராக மாற்றி, முற்பணம் கட்டிய பிறகுதான் பல்கலைக்கழகம் காஸ் இலக்கம் தரும். அதை 6 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். காஸ் கைக்கு வந்ததும் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பாடநெறி தொடங்கும் திகதி, கட்டிய தொகை நான்கையும் பாருங்கள். கட்டிய தொகை அதில் ஏறாவிட்டால் அந்தப் பணத்தையும் சேர்த்துக் கணக்கில் காட்டச் சொல்வார்கள். முற்பணத்தை வங்கி மூலமே அனுப்புங்கள். ஓஃபர் லெட்டர், கட்டண விபரம், கடவுச்சீட்டுப் பிரதி ஆகியவற்றை வங்கியில் கேட்பார்கள். குறிப்புப் பகுதியில் மாணவர் இலக்கத்தை எழுதுங்கள். இடைவங்கிக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தெரிவு செய்யாவிட்டால், அங்கே 20, 30 பவுண் குறைந்து சேர்ந்து காஸ் தாமதமாகலாம்.

இனிப் பணம். அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். கட்ட மிச்சமுள்ள கற்கைக் கட்டணம், அதோடு 9 மாதம் வரையான வாழ்க்கைச் செலவு, இரண்டும் சேர்ந்த தொகையைக் கணக்கில் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் வாழ்க்கைச் செலவு லண்டனுக்கு மாதம் 1,529 பவுண், வெளியே 1,171 பவுண். லண்டனுக்கு வெளியே, கட்டணத்தில் 10,000 பவுண் பாக்கி என்று வைத்துக்கொண்டால், 9 மாதத்துக்கு 10,539 பவுணையும் சேர்த்து மொத்தம் 20,539 பவுண். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். அந்த 28ஆவது நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாளுக்குள் வர வேண்டும். ரூபாவைப் பவுணாக்குவது விண்ணப்பிக்கும் நாளின் விலையில் என்பதால், நூற்றுக்குப் பத்தாவது கூடுதலாக வைத்தால் நிம்மதி.

கணக்கு யார் பெயரில் என்பதும் முக்கியம். மாணவர் பெயரில் அல்லது அம்மா அப்பா பெயரில் இருக்கலாம். கொழும்பில் கடை வைத்திருக்கும் மாமா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கணக்கு செல்லாது. அம்மாவின் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதம் தரும் கடிதமும் வேண்டும். லெச்சுமியும் லட்சுமியும் முட்டிக்கொள்வது இங்கேதான். நிலையான வைப்பு என்றால், எந்நேரமும் மீளப் பெறலாம் என்று வங்கிக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். சேமலாப நிதியில் 30 வீதம் எடுத்துக் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், படிப்புக்குத் தரமாட்டார்கள். "28 நாளைக்குக் காட்டப் பணம் தருகிறோம்" என்று வருபவரிடம் போகாதீர்கள். பொய் ஆவணம் என்று பிடிபட்டால் இந்த வீசாவோடு போகாது, பத்து வருடத்துக்குத் தடை விழும்.

காசநோய்ப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 6 மாதத்துக்கு மேற்பட்ட வீசாவுக்கு இலங்கையர்களுக்கு அது கட்டாயம். கொழும்பில் ஐஓஎம் (புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நிலையத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் பழைய தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனை முடிய இரண்டு மாதம் வரை ஆகலாம். வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்திருந்தால் முதல் ஆளாகப் போங்கள். சான்றிதழும் 6 மாதம் செல்லும்.

விண்ணப்பம் இணையத்தில். பாடநெறி தொடங்க 6 மாதத்துக்கு முன்பிருந்து போடலாம். அப்போதே சுகாதாரக் கட்டணமும் கேட்பார்கள்: மாணவருக்கு வருடம் 776 பவுண். மூன்று வருடப் பட்டத்துக்கு வீசா மூன்று வருடத்தைத் தாண்டும், அந்த மேலதிக மாதங்களுக்கும் கணக்குப் போடுவார்கள். ஆகவே இதைக் காட்டும் பணத்திலிருந்து எடுக்காமல் தனியே வையுங்கள். கைரேகைக்குக் கொழும்பு போகத்தான் வேண்டும். இரவு பஸ்ஸில் இறங்கும்போது காஸின் அச்சுப் பிரதியும், கடவுச்சீட்டு, காசநோய்ச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதிகளும் பையில் இருக்கட்டும். மழையில் நனைந்த பெறுபேற்றுச் சான்றிதழ்களை நிறையப் பேர் கொண்டுவருகிறார்கள், பிளாஸ்டிக் கோப்பு ஒன்றுக்குச் சில்லறைக் காசுதான்.

இந்தியாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த 28 நாள் கணக்கெல்லாம் இல்லை. ஆனால் மாணவர் வீசா 180 நாளுக்கு மேற்பட்டதென்றால், இறங்கிய 14 நாளுக்குள் அங்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். விடுதி தேடும் அலைச்சலில் இது மறந்துபோகும்.

பிரித்தானிய முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் வரும். வீசா இப்போது இணையக் கணக்கில்தான் இருக்கும். விமானச் சீட்டு எடுக்கும் முன் அந்தக் கணக்கைத் திறந்து பெயர், பிறந்த திகதி, வீசா முடியும் திகதி மூன்றையும் கடவுச்சீட்டோடும் காஸோடும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துப் பிசகியிருந்தாலும் அன்றே அறிவியுங்கள்.