மீன் தொட்டியின் நடுப்பட்டை உடைந்தால் ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

4 அடி நீளக் கண்ணாடித் தொட்டியின் மேல் சட்டத்தில் குறுக்கே செல்லும் பிளாஸ்டிக் பட்டை நடுவில் முறிந்துவிட்டது, பசை போட்டு ஒட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒட்டாதீர்கள். முதல் வேலையாக இன்றே தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

அந்தப் பட்டை மூடியையும் விளக்கையும் தாங்குவதற்காக வைக்கப்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். வைக்கோல் ஏற்றிய வண்டியில் இருபக்கத்து முளைக்குச்சிகளும் சாய்ந்துவிடாமல் குறுக்கே கயிறு கட்டுவார்கள் அல்லவா, அந்தக் கயிறு செய்யும் வேலையைத்தான் இந்தப் பட்டையும் செய்கிறது. 120 செ.மீ. நீளமுள்ள தொட்டியில் 40 செ.மீ. ஆழத்துக்குக் கடல்நீர் நின்றால், முன்பக்கக் கண்ணாடியை அது வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 98 கிலோ எடைக்குச் சமம். ஆழத்தை 20 செ.மீ. ஆக்கினால் இந்த விசை பாதியாக அல்ல, கால் பங்காக, அதாவது 25 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். தண்ணீரை உடனே குறைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ராமேசுவரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுத் தொட்டியிலும் இதே பட்டை முறிந்தது. பல ஆண்டுகள் விளக்கை அதன் மேலேயே வைத்திருந்ததால், சூட்டில் பிளாஸ்டிக் மஞ்சளித்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்தது. இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் கெட்டிப் பசையால் ஒட்டினேன். பதினோராம் நாள் இரவு சுள்ளி ஒடிவதைப் போன்ற ஓசை கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது ஒட்டிய இடத்திலேயே பட்டை விட்டுப்போயிருந்தது. ஓயாமல் இழுபடும் இடத்தில் அவ்வளவு மெல்லிய ஒட்டு நிற்காது. தொட்டிக் கண்ணாடிகளை ஒட்டப் பயன்படும் சிலிக்கான் பசையும் அந்தப் பிளாஸ்டிக்கைச் சரியாகப் பற்றுவதில்லை. கண்ணாடியை மட்டுமே அது உயிராகப் பற்றும். அதே அளவில் புதிய பிளாஸ்டிக் சட்டம் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் பழைய தொட்டிகளுக்கு அது நம் பக்கத்தில் கிடைப்பது அரிது. எனவே பிளாஸ்டிக் பட்டை இருந்த இடத்தில் கண்ணாடிப் பட்டை வைப்பதே நிலைத்த தீர்வு என்பது என் முடிவு.

தொட்டியின் அகலத்தை இரு ஓரங்களிலும் நடுவிலும் டேப் வைத்து அளந்து பாருங்கள். எங்கள் தொட்டி ஓரங்களைவிட நடுவில் 8 மி.மீ. அகன்றிருந்தது, பாதி நீரை இறக்கியதும் அது 2 மி.மீ. ஆனது. மிச்சத்தைப் பாம்பனில் வத்தை என்னும் மரப்படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம் இரவல் வாங்கிய இரண்டு நீளக் கிளாம்ப்புகளைக் கொண்டு சரிசெய்தேன். கண்ணாடிக்கும் இரும்புக்கும் இடையே பலகைத் துண்டுகளை வைத்து, கால் சுற்று திருகிவிட்டுச் சில நிமிடம் பொறுத்து மறுபடியும் கால் சுற்று என்று இறுக்குங்கள். நடு அகலம் ஓரத்து அகலத்துக்கு வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல் திருகினாலும் கண்ணாடி விண்டுவிடலாம். துருவோ பித்தளைத் துகளோ நீரில் விழாதபடி கிளாம்ப்பைப் பாலிதீன் தாளால் சுற்றிக்கொள்ளுங்கள். செம்பு கலந்த எதுவும் கடல்நீர்த் தொட்டியிலுள்ள இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு.

கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. கனத்தில், 15 செ.மீ. அகலத்தில் ஒரு குறுக்குத் துண்டையும், 30 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் கொண்ட இரண்டு துண்டுகளையும் வெட்டி, ஓரங்களைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். நீளத் துண்டுகளைச் சட்டத்துக்குச் சற்றுக் கீழே, முன்கண்ணாடியில் ஒன்றும் பின்கண்ணாடியில் ஒன்றுமாக, பரண் பலகை போலப் படுக்கை வாட்டில் உட்புறமாக ஒட்டிவிட்டு, அவற்றின் மேல் குறுக்குத் துண்டைப் படியவைத்து ஒட்ட வேண்டும். விளிம்போடு விளிம்பு முட்டவைத்து ஒட்டுவதைவிட, இப்படி ஒன்றன் மேல் ஒன்று படியும்போது சிலிக்கான் பற்றுவதற்கு நிறைய இடம் கிடைக்கிறது. பழைய பட்டையின் எஞ்சிய பகுதியைச் சட்டத்தோடு ஒட்ட அறுத்துவிட்டால் இந்த வேலைக்குக் குறுக்கே நிற்காது.

நம் கடற்கரையில் இந்த வேலையைக் கெடுப்பது உப்புதான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் துடைத்த கண்ணாடி சற்று நேரத்திலேயே பிசுபிசுத்துவிடுகிறது. தொட்டியின் மேல்விளிம்பிலோ உள்ளிருந்து தெறித்த உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். எல்லோரும் ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்கிறார்கள், ஆனால் உப்பு ஸ்பிரிட்டில் கரையாது. முதலில் பழைய சிலிக்கானையும் பாசியையும் பிளேடால் சுரண்டிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மூன்று நான்கு முறை துடைத்து, உலர்ந்த பிறகே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற ஸ்பிரிட்டைக் கொண்டு துடைக்க வேண்டும். எங்கள் கிணற்று நீர் காய்ந்தால் அதுவே வெண்படலத்தை விட்டுவிடுவதால், குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரைத்தான் பயன்படுத்தினேன். குடிநீர் அருமையான ஊரில் அதைச் செய்ய மனம் கூசத்தான் செய்தது, ஆனாலும் இரண்டு செம்புத் தண்ணீருக்கு மேல் செலவாகவில்லை. கடல் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டு, துடைத்த இடத்தில் விரல் படாமல் உடனே சிலிக்கானைப் போட்டுவிடுங்கள்.

சிலிக்கான் வாங்கும்போது மீன் தொட்டிக்கானது என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். குளியலறைக்கென விற்பதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கலாம்; அது மீனுக்கு ஆகாது. சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவதால் நம் ஊர்ப் புழுக்கம் அதற்கு உதவியே செய்யும். ஆனாலும் மேலே தோல் கட்டியதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கிளாம்ப்பை 3 நாள்கள் அப்படியே விட்டுவைத்து, 1 வாரம் கழித்தே நீரை ஏற்றினேன். இறுகும்போது வினிகர் நெடி வரும் என்பதால், பொரிப்பகத்திலிருந்து வாங்கி வளர்த்த கோமாளி மீன்களை அதுவரை காற்றுக் குழாயுடன் ஒரு பெரிய தொட்டியில் விட்டு, பழைய நீரை டிரம்மில் மூடி வைத்திருந்தேன்.

நீரை ஒரே மூச்சில் நிரப்பாமல் நாளுக்கு 5 செ.மீ. வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் நடு அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தொட்டி முழுதாக நிறைந்தபோது நடுவில் 1 மி.மீ. மட்டுமே கூடியிருந்தது, அதன் பிறகு அது கூடவில்லை. விளக்கை இப்போது விட்டத்திலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

தண்ணீரை இறக்கியதும் இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு மூலைகளிலும் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள சிலிக்கானில் புதிதாகக் குமிழியோ வெண்ணிறத் திட்டோ தெரிந்தால், பட்டை உடைந்திருந்த நாள்களில் மூட்டும் இழுபட்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் பட்டையை மாற்றிப் பயனில்லை. தொட்டியைப் பிரித்து எல்லா மூட்டுகளையும் புதிதாக ஒட்ட வேண்டும், அல்லது அதில் இனித் தண்ணீர் விடுவதையே நிறுத்த வேண்டும்.