‘தொடங்கும்போது இப்படி இல்லையே!’ – புதுத் தொழில், புதுச் சட்டம்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். தொடங்கும்போது இந்தச் சட்டம் இல்லையாம். இருந்திருக்காதுதான். அதனால்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், சட்டம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இரண்டு தேதியைக் கேளுங்கள்: அறிவித்தது எப்போது, அமலுக்கு வருவது எப்போது. சரி, கடிதங்களுக்குப் போவோம்.

கல்யாண வீடியோ எடுக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சானிடம் ட்ரோன் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். லைசென்ஸ் வேண்டுமா? – பள்ளத்தூர்

லைசென்ஸ் அப்புறம். முதலில் மச்சானுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டில் செய்த முழு ட்ரோனை இறக்குமதி செய்யத் தடை. ஆராய்ச்சி, ராணுவம் மாதிரி சில காரியங்களுக்கு விலக்கு உண்டு, வளைகாப்பு அதில் வராது. உள்ளூரில் வாங்கினால், 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’ ரகம். காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். 18 வயது, பத்தாவது பாஸ், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி, இவ்வளவுதான். எடையில் பேட்டரி, நீங்கள் தனியாக மாட்டும் லைட் எல்லாம் சேர்த்தி. ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ‘25 படிவமாமே’ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அது 2021 மார்ச் விதி. அதே வருஷம் ஆகஸ்டில் அதைத் தூக்கிவிட்டு வந்த புது விதியில் 5 படிவம்தான். அந்த வீடியோவின் தேதியைப் பாருங்கள்.

வீட்டில் தேன்குழல், சீப்புச் சீடை போட்டு ஆன்லைனில் விற்கிறேன். ஜிஎஸ்டி உண்டா? – தேவகோட்டை

ஆச்சி, வருஷத்துக்கு எவ்வளவு விற்பனை, எந்த ஊருக்கெல்லாம் போகிறது, ரெண்டையும் எழுதவில்லையே. நாடியைக் காட்டாமல் மருந்து கேட்டால் எப்படி? தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால், 2023 அக்டோபரிலிருந்து ஆன்லைன் தளம் வழியாக விற்றாலும் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம், ஜிஎஸ்டி தளத்தில் வாங்கும் ஒரு சேர்க்கை எண் போதும். பெங்களூரு பேரனின் சிநேகிதர்களுக்கு விற்க ஆரம்பித்தால் முதல் பொட்டலத்திலிருந்தே பதிவு தேவை. பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய தேன்குழலுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5. பழைய லேபிள் கட்டு மிச்சமிருக்கிறது என்று பழைய விலையை ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இல்லாமல் ஒரு பாக்கெட் கூட வெளியே போகக்கூடாது, அதற்கு ஜிஎஸ்டி வரம்பெல்லாம் கணக்கில்லை.

எங்கள் பங்காளிகளின் பொது வீட்டில் ஆறு அறையை ஹோம்ஸ்டே ஆக்கியிருக்கிறோம். வருகிறவர்களின் ஆதாரை வாட்ஸ்அப்பில் வாங்கி வைக்கிறோம். தகவல் பாதுகாப்புச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே? – கானாடுகாத்தான்

இல்லை. இதை எத்தனை தடவை எழுதுவது!

போன தையில் இந்தப் பக்கத்து வீடு ஒன்றில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு ராத்திரி தங்கினேன். முகப்பில் தேக்குத் தூணை ஒட்டி ஒரு மேஜை, அதன்மேல் அட்டை கிளிப்பில் ஒரு கத்தை ஆதார் ஜெராக்ஸ். காலையில் எனக்கு வந்த டிபன் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் யாரோ ஒரு அம்மாவின் முகம், பிறந்த தேதி, வீட்டு முகவரி. முன்பக்கம் நீல மையில் ‘இடியாப்பம் 4, கவுனி அரிசி 1’. மேஜையில் இருந்த தம்பியிடம் கேட்டேன். “ஜெராக்ஸ் பழசுண்ணே, இப்பல்லாம் போட்டோதான்” என்று பெருமையாகப் போனை நீட்டினான். ஆதார், அடுத்து அவன் அக்கா கல்யாண போட்டோ, மறுபடி ஆதார். எல்லாம் பங்காளிகள் குரூப்புக்கும் போகிறதாம், யார் தங்கினார்கள் என்று எல்லாப் பங்குக்கும் தெரியணுமாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காகிதக் கத்தை இந்தச் சட்டத்தில் வராது, போட்டோதான் வரும். 2023 சட்டம் டிஜிட்டல் தகவலுக்கானது. காகிதத்தில் வாங்கி ஸ்கேன் செய்தாலும் அதற்குள் வந்துவிடும். விதிகள் வந்தது 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. ‘அப்ப நேரம் இருக்கு’ என்கிறீர்கள், தெரியும். ஆனால் அதற்குள் உங்கள் போனில் ஆயிரம் ஆதார் சேர்ந்திருக்கும், அதை எப்போது அழிப்பது? எதற்கு வாங்குகிறோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே இருக்கலாம். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கேளுங்கள். தேவை முடிந்ததும் அழியுங்கள். குரூப்பில் போடாதீர்கள். பாதுகாக்கத் தவறினால் அபராத உச்சவரம்பு 250 கோடி. உங்களிடம் அவ்வளவு கேட்க மாட்டார்கள், ஆனால் ஆறு அறைக்காரருக்கு ஒரு லட்சமே பெரிசு. வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் தருவது தனிக் கடமை, அதையும் இதையும் குழப்பாதீர்கள்.

அப்புறம் வரி. 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு அதே செப்டம்பர் 22 முதல் 12 போய் 5 சதவீதம். சந்தோஷப்படுமுன் அடுத்த வரியையும் படியுங்கள்: வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்வரி வரவு கிடையாது. பட்டாலைக்கு ஆத்தங்குடிக் கல் மாற்றியது, சுண்ணாம்புப் பூச்சு, ஏசி, எதற்குக் கட்டிய வரியும் திரும்பாது. வேலையைத் தொடங்குமுன் ஆடிட்டரைப் பார்த்திருக்கலாம்.

மின் ஸ்கூட்டர் டீலர்ஷிப் எடுக்கலாமா? மானியம் தொடருமா? – காரைக்குடி

செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற ஊரில் பேட்டரி பற்றி நான் பேசக்கூடாது, மானியம் பற்றிப் பேசலாம். பேட்டரிக் கொள்ளளவின் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (ஒரு யூனிட்) 15,000 ரூபாயாக இருந்தது 2023 ஜூனில் 10,000 ஆனது. 2024 மார்ச்சோடு அந்தத் திட்டமே முடிந்து, ஏப்ரலில் வந்த அடுத்ததில் 5,000. ஒரு வருஷத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் ஐயா பர்மாவில் லேவாதேவி செய்தவர். 1930களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக நிலமாக வந்து குவிந்தது, கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நகரத்தார் கையில் இருந்த காலம். 1948-ல் அங்கே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது, நிலம் போனது. பேரேடு மட்டும் எங்கள் பெட்டகசாலையில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே தம்பி, மானியமே இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் கட்டுபடியானால் எடுங்கள்.

ரம்மி ஆப்புக்கு ரீல்ஸ் போட்டால் நல்ல காசாம். – திருப்பத்தூர்

வேண்டாம். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்த சட்டத்தில் விளம்பரம் செய்பவருக்கே 2 வருஷம் சிறை, 50 லட்சம் அபராதம் வரை இருக்கிறது.

கிரிப்டோவில் ஒன்றில் நஷ்டம், ஒன்றில் லாபம். கழித்துக்கொள்ளலாமா? – புதுவயல்

முடியாது. லாபத்துக்கு 30 சதவீதம், நஷ்டம் உங்கள் பாடு. 2022 ஏப்ரலிலிருந்து அப்படித்தான்.

(படம் மட்டும்: ‘இன்று முதல் புதிய சட்டம்! அனைவருக்கும் பகிரவும்’) ஐயா, இது உண்மையா? – கண்டனூர்

எந்த இன்று?