இசிஜியில் டபிள்யூபிடபிள்யூ என்று வந்தால் அபலேஷன் செய்தே ஆக வேண்டுமா?

தம்பிக்குப் படபடப்பு எதுவும் இல்லை, வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் இப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். டபிள்யூபிடபிள்யூ (வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட்) என்பது இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருப்பது; அபலேஷன் என்பது அந்தப் பாதையைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்க வழக்கமாக ஒரே வழிதான், ஏவி நோட்; அது துடிப்பைக் கொஞ்சம் நிறுத்தித்தான் அனுப்பும். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மெல்லிய தசை இழை இன்னொரு பாதையாக நின்றுவிடுகிறது, அதில் அந்தத் தாமதமே கிடையாது, அதனால்தான் இசிஜியில் பிஆர் இடைவெளி (மேலறை துடிப்பின் தொடக்கத்திலிருந்து கீழறை துடிப்பின் தொடக்கம் வரையான நேரம்) 120 மில்லிசெகண்டுக்குக் கீழே போய், க்யூஆர்எஸ் எனப்படும் கீழறை அலையின் தொடக்கம் சரிவாக ஏறுகிறது. அந்தச் சரிவுதான் டெல்டா அலை.

இரண்டு பாதையிலும் துடிப்பு வட்டமடித்தால் திடீர்ப் படபடப்பு வரும், அது பெரும்பாலும் அடங்கிவிடும். நிஜமான கவலை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால்தான்: மேலறையின் தாறுமாறான துடிப்புகள் தடையில்லாமல் கீழே பாயும், அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் வெரபமில், டிகாக்சின் ஆகிய இதய மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் டபிள்யூபிடபிள்யூ இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

சரி, தம்பிக்கு? டிரெட்மில்லில் ஓடும்போது டெல்டா அலை சட்டென்று மறைந்தால் அந்தப் பாதை பலவீனமானது, பொறுத்திருக்கலாம். மறையாவிட்டால் இபி ஸ்டடி, அதாவது கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி மின்பாதைகளைச் சோதிக்கும் பரிசோதனை. அதில் தூண்டிவிட்ட ஃபிப்ரிலேஷனில், அந்தப் பாதை வழியாக இறங்கும் துடிப்புகளுக்கு நடுவேயான மிகக் குறுகிய இடைவெளி 250 மில்லிசெகண்டோ அதற்கும் குறைவோ வந்தால் அபலேஷன்தான் நல்லது. தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் செலுத்தி அந்த இழையைச் சுட்டுவிடுவார்கள், பெரும்பாலானோருக்கு ஒரே தடவையில் சரியாகிவிடும். பாதை ஏவி நோடுக்கு ஒட்டியே இருந்தால் மட்டும், சுடும்போது நோடும் பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படும் அபாயம் உண்டு, அதை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.