ஏஐ எழுதிய உத்தரவாதம்

கேள்வி: எங்கள் பட்டறையில் 15 பேர். ஏஐ-யை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மென்பொருள் வாங்குவதில் இருந்து வேண்டாம். தினமும் ஒரே மாதிரி எழுதிச் சலித்துப்போன வேலை எது என்று பாருங்கள். எனக்கு அது விலைப்புள்ளிக் கடிதம். ஏஐ-யிடம் கொடுத்தேன்; மணி மணியாக எழுதியது. கூடவே, நாங்கள் எந்தக் காலத்திலும் தராத 2 வருட உத்தரவாதத்தையும் தாராளமாகச் சேர்த்திருந்தது! அனுப்பும் முன் கண்ணில் பட்டதால் தப்பித்தேன். அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து எழுதுகிற இயந்திரம் அது. நம் நிபந்தனைகள் அதற்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் வரைவு மட்டும் அதனுடையது. விலை, தேதி, நிபந்தனை மூன்றையும் கணக்குப் பார்ப்பவர் கைப்பட நிரப்புகிறார். அப்புறம், வாடிக்கையாளர் பெயர், போன் நம்பரை இலவசச் சேவைகளில் ஒட்டாதீர்கள். சில சேவைகள் அதையும் தங்கள் ஏஐ-யைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளும்.