அத்தனை பாகமும் படித்தே ஆக வேண்டுமா?

சென்ற இதழில், மந்திரமும் கற்பனை உலகமும் வருகிற ஃபேன்டசி நாவல்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்ததால், ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (வங்கி ஊழியர், சேலம்): பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் இரண்டு தடவை படித்தவன் நான். ஆங்கில ஃபேன்டசி பக்கமும் போய்ப் பார்க்கலாம் என்று கடைக்குப் போனால் எதை எடுத்தாலும் முதல் பாகம், மூன்றாம் பாகம் என்றே போட்டிருக்கிறது. ஒரு தொடரை முடிக்கிற நேரத்தில் பத்து நல்ல நாவல் படித்துவிடலாமே. அவ்வளவு நேரத்தைக் கொடுக்கலாமா சார்?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் எல்லாத் தொடருக்கும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். அத்தனை பக்கத்தை வைத்துக்கொண்டு எழுத்தாளர் என்ன செய்கிறார்? தனி நாவலில் செய்யவே முடியாத ஒன்றை அந்த நீளத்தால் செய்து காட்டினால் ஐந்து பாகம் என்ன, பத்து பாகமும் படிக்கலாம். ஒரு நாவலுக்கான கதையை இழுத்து மூன்றாக்கியிருந்தால் முதல் பாகமே அதிகம்.

உர்சுலா கே. லெ குவின் எழுதிய எர்த்ஸீ நாவல்களைப் பாருங்கள். 1968-ல் வந்த முதல் புத்தகத்தில் கெட் என்கிற ஆடு மேய்க்கும் பையன் மந்திரம் கற்கப் போகிறான், திமிரில் ஒரு பெரிய தப்பைச் செய்துவிடுகிறான், அதைச் சரிசெய்யக் கடலின் கடைசி எல்லை வரைக்கும் படகில் போகிறான். இருநூறு பக்கம் சொச்சம், கதை முடிந்துவிடுகிறது. 1971-ல் வந்த இரண்டாவது புத்தகத்தைப் பிரித்தால் கெட்டைக் காணோம். டெனார் என்று ஒரு சின்னப் பெண். ஐந்து வயதில் அவளைப் பெற்றவர்களிடமிருந்து கொண்டுவந்து, பெயரையும் பிடுங்கிக்கொண்டு, இருட்டுத் தெய்வங்களுக்குப் பூசாரியாக்கி விடுகிறார்கள். அந்தக் கோயிலுக்கு அடியில் சுரங்கப் பாதைகள், அங்கே விளக்கு கொண்டுபோவது மகாபாவம். சுவரைத் தடவித் தடவி, திருப்பங்களை எண்ணி எண்ணி அந்த இருட்டை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கிறாள் அவள். ஒருநாள் அங்கே வெளிச்சம் தெரிகிறது. யாரோ ஒருவன், கையில் ஒளிவிடும் கோலோடு நிற்கிறான். விரலால் மட்டுமே தெரிந்து வைத்திருந்த அந்தக் குகையின் சுவரெல்லாம் கூரையெல்லாம் படிகக் கற்கள் மின்னுவதை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

அவளுக்கு அவன் திருடன், சாக வேண்டியவன். நமக்கோ அவன் யாரென்று தெரியும், அவன் முகத்துத் தழும்பு எப்படி வந்தது என்பதுகூடத் தெரியும். அவளுக்குத் தெரியாததெல்லாம் நமக்குத் தெரிந்திருப்பதால் வருகிற பதைப்பு இருக்கிறதே, அதைத் தனி நாவலில் கொண்டுவர முடியாது. மூன்றாவது புத்தகத்தில் அதே கெட்டை வயது ஏறியவனாக ஒரு இளவரசனின் கண் வழியாகப் பார்க்கிறோம். நான்காவது பதினெட்டு வருடம் கழித்து, 1990-ல் வந்தது. கெட்டிடம் இப்போது மந்திரமே இல்லை. டெனார் நடுவயதுப் பெண், கணவனை இழந்தவள். இந்த உலகத்தில் பெரிய மந்திரவாதிகள் எல்லோரும் ஏன் ஆண்களாகவே இருக்கிறார்கள் என்று, தான் முன்பு கட்டிய உலகத்தையே லெ குவின் அதில் கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்வி நம்மைத் தைப்பதற்கு முதல் மூன்று புத்தகங்களும் வேண்டியிருக்கின்றன.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' விஷயமும் அப்படித்தான். கதாநாயகன் ஃப்ரோடோவுக்கு முதல் பாகத்திலேயே தோளில் கத்திக் காயம் படுகிறது, கதைக்குள் அது அக்டோபர் 6-ம் தேதி. மலை, பாலைநிலம், போர் எல்லாம் கடந்து, வில்லன் அழிந்து, எல்லோரும் ஊர் திரும்புகிற நேரத்தில் மறுபடி அக்டோபர் 6 வருகிறது, அவனுக்குத் தோள் வலிக்கிறது. ஊருக்குப் போன பிறகும், அடுத்த வருடம் அதே நாளில் மறுபடி வலிக்கிறது. ஜெயித்தும் அவனால் பழையபடி இருக்க முடியவில்லை. ஆயிரம் பக்கத்துக்கு முன்னால் பட்ட காயம் என்பதால்தான் அந்த வலி நமக்கும் நிஜமாகத் தெரிகிறது. முந்நூறு பக்க நாவலில் இதே செய்தி ஒரு வரியாகக் கடந்து போயிருக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்): அது ஏன் எப்போதும் மூன்று பாகம்? அதில் ஏதாவது இலக்கணம் இருக்கிறதா?

பதில்: ஒன்றும் இல்லை. டோல்கீன் தன் நாவலை ஒரே புத்தகமாகத்தான் எழுதினார், ஒன்றாகத்தான் வர வேண்டும் என்றும் விரும்பினார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகித விலை அதிகம், அவ்வளவு பெரிய புத்தகம் விற்குமா என்று பதிப்பாளருக்கும் பயம். அதனால் மூன்றாக வெட்டி 1954 ஜூலையில் ஒன்று, நவம்பரில் ஒன்று, 1955 அக்டோபரில் ஒன்று என்று போட்டார்கள். உள்ளே பார்த்தால் ஆறு பகுதியாகத்தான் பிரித்திருக்கிறார். இரண்டாவது பாகம், ஃப்ரோடோ உயிரோடு எதிரியிடம் மாட்டிக்கொண்டான் என்கிற இடத்தில் நிற்கிறது. மூன்றாவதில் சேர்க்க வேண்டிய பின்னிணைப்புகள் முடியாததால் அன்றைய வாசகர்கள் அதற்குப் பதினோரு மாதம் காத்திருந்தார்கள். அப்புறம் 1965-ல் அமெரிக்காவில் மலிவு விலைப் பதிப்பு வந்து கல்லூரி மாணவர்கள் கையில் போய்ச் சேர்ந்ததும் பெரிய அலையே கிளம்பியது. பின்னால் வந்தவர்கள் அந்த மூன்று பாக வடிவத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் பல தொடர்களில் இரண்டாவது பாகம் சவசவ என்று இருக்கிறது. ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது, ஆட்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். அப்படி இல்லாததற்கு என்.கே. ஜெமிசினின் 'ப்ரோக்கன் எர்த்' வரிசை நல்ல சாட்சி. 2015, 2016, 2017 என்று வருடத்துக்கு ஒன்று வந்தது, மூன்றுமே அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டசிக்கும் கொடுக்கும் ஹ்யூகோ விருதைச் சிறந்த நாவலுக்காக அடுத்தடுத்து வாங்கின. அதற்கு முன் யாரும் தொடர்ந்து மூன்று வருடம் அதை வாங்கியதில்லை. பூமி அடிக்கடி பிளந்து உலகமே அழிகிற ஒரு தேசம், நிலநடுக்கத்தை அடக்கத் தெரிந்தவர்களை மற்றவர்கள் அடிமையாக வைத்திருக்கிறார்கள், ஒரு தாய் தன் பிள்ளையின் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில் கதை ஆரம்பிக்கிறது. ஃபேன்டசி என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் முதல் பாகத்தை அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி (மென்பொருள் துறை, ஓசூர்): முடியாத தொடரை ஆரம்பிக்கலாமா? மார்ட்டினை நம்பி ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம்.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானதுதான். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் தன் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரை மூன்று பாகமாகத்தான் திட்டமிட்டார். 1996-ல் முதல் பாகம், 1998-ல் இரண்டாவது, 2000-ல் மூன்றாவது. நான்காவதற்கு ஐந்து வருடம், ஐந்தாவது 2011-ல். அதற்குள் கதை ஏழு பாகமாக வளர்ந்துவிட்டது. அதே 2011-ல் ஆரம்பித்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் புத்தகத்தை முந்திக்கொண்டு 2019-ல் முடிந்தும் போயிற்று, ஆறாவது பாகம் இன்னும் வரவில்லை. பேட்ரிக் ராத்ஃபஸின் 'கிங்கில்லர் க்ரானிக்கிள்' வாசகர்களும் 2011-லிருந்து மூன்றாவது பாகத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் மார்ட்டினின் முதல் மூன்று பாகங்களைப் படிக்காதே என்று என்னால் சொல்ல முடியாது. கதாநாயகன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவருக்கும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது என்பதை அவர் காட்டிய விதம், அதிகாரத்துக்காக மனிதர்கள் கணக்குப் போடுகிற விதம் எல்லாம் முடிவு இல்லாமலே நிற்கக்கூடியவை. வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்று போட்டு நிறுத்திய இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த மொழி நம்முடையது. கல்கியின் வாசகர்கள் 1950 முதல் 1954 வரை வந்தியத்தேவனோடு வாரா வாரம் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தது. முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்கிற சுபாவம் உங்களுக்கு இருந்தால், கடைசிப் பாகம் வெளிவந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே எதையும் தொடுங்கள். புதிதாக எழுதுபவர்களுக்கு மட்டும் இதில் விலக்குக் கொடுக்கலாம், ஏனென்றால் முதல் பாகம் விற்காவிட்டால் அடுத்ததைப் பதிப்பாளர் போடாமலே விட்டுவிடக்கூடும்.

எழுதியவர் இறந்தும் முடிந்த தொடர் ஒன்று இருக்கிறது. ராபர்ட் ஜோர்டன் 1990-ல் தொடங்கிய 'வீல் ஆஃப் டைம்' முடிவதற்குள் 2007-ல் அவர் காலமானார். அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருக்கு எடிட்டரும்கூட. அவர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து, ஜோர்டன் விட்டுப்போன குறிப்புகளைக் கொடுத்து எழுதவைத்தார். ஒரு பாகம் என்று நினைத்தது மூன்றாகி, 2013-ல் பதினான்காவது பாகத்தோடு முடிந்தது. நடுவில் பத்தாவது பாகத்தில் கதை நகரவே இல்லை என்று அதன் தீவிர வாசகர்களே சலித்துக்கொள்வார்கள். முழுசாகப் படிக்க முடியுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் பதினான்கை ஆறில் சொல்லியிருக்கலாம்.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): என் பன்னிரண்டு வயது மகன் ஹாரி பாட்டர் ஏழையும் முடித்துவிட்டு, இப்போது டிராகன் வருகிற அந்தச் சிம்மாசனச் சண்டைத் தொடரைக் கேட்கிறான். "இதெல்லாம் படித்து மார்க் வருமா?" என்று அவன் அப்பா கோபப்படுகிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, முதலில் அவன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஹாரி பாட்டர் முதல் புத்தகம் இங்கிலாந்துப் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாவது புத்தகம் 766 பக்கம். பன்னிரண்டு வயதில் ஒரு பையன் தானாக உட்கார்ந்து 766 பக்கத்தை முடிக்கிறான் என்றால், நூறு பேரின் பெயரும் உறவும் பகையும் அவன் தலைக்குள் குழம்பாமல் நிற்கின்றன என்றால், அந்தப் பழக்கத்தை எந்த டியூஷனிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

மார்ட்டின் இப்போது வேண்டாம். சித்திரவதையும் பாலியல் வன்முறையும் ஒளிவுமறைவில்லாமல் வரும், சில வருடம் போகட்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் நண்பனிடம் வாங்கிப் படிப்பான், அதனால் கையில் வேறொன்றைக் கொடுங்கள். எர்த்ஸீயே, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுங்கள் என்று ஒரு பதிப்பாளர் கேட்டதால் எழுதப்பட்டதுதான். இல்லையென்றால் ஃபிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்'. அந்த உலகத்தில் ஒவ்வொருவருடைய ஆன்மாவும் ஒரு பிராணி வடிவத்தில் கூடவே திரியும். குழந்தைகளுடையது பூனையாக, அந்துப்பூச்சியாக, பறவையாக நினைத்த நேரம் மாறும், வளர்ந்ததும் ஒரே உருவத்தில் நின்றுவிடும். உங்கள் மகன் இருக்கிற வயதில் இதைப் படிப்பதற்கு ஈடு கிடையாது. மூன்றாம் பாகம் 2001-ம் ஆண்டுக்கான பிரிட்டனின் விட்பிரெட் இலக்கியப் பரிசில் பெரியவர்களின் நாவல்களையும் தாண்டி முதலிடம் வாங்கியது, சிறுவர் நூல் ஒன்றுக்கு அது முதல் தடவை. கடவுளையும் மத அமைப்பையும் கடுமையாகக் கேள்வி கேட்கிற கதை. அதனால் நீங்களும் கூடவே படித்தால் ராத்திரிச் சாப்பாட்டில் பேச நிறைய இருக்கும்.

கேள்வி (ஈரோடு): ஒரு தொடரில் நான்கு பாகம் முடித்துவிட்டு ஐந்தாவதில் நின்றுவிட்டேன். இவ்வளவு படித்துவிட்டு விடவும் மனசில்லை.

பதில்: விட்டுவிடுங்கள். படித்த நான்கு பாகத்துக்காக ஐந்தாவதைப் படிக்காதீர்கள், அந்த ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும்போல் இருந்தால் மட்டும் படியுங்கள். அப்புறம் இன்னொன்று, பெட்டியோடு மொத்த செட்டாக வாங்குவதுதான் இந்தச் சங்கடத்துக்குப் பாதிக் காரணம். முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள், அல்லது நூலகத்தில் எடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): சி.எஸ். லூயிஸின் நார்னியா கதைகளை எந்த வரிசையில் படிப்பது?

பதில்: வெளிவந்த வரிசையில், கதைக்குள் நடக்கிற கால வரிசையில் வேண்டாம். 1950-ல் வந்த சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் உள்ள கதையில் ஆரம்பியுங்கள். அலமாரிக்குள் நுழைந்ததும் காலடியில் பனி நொறுங்குகிற அந்த ஆச்சரியம், உலகம் எப்படி உண்டானது என்பதை முன்கூட்டியே படித்துவிட்டால் போய்விடும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்): வயது 68. கண் முன்போல இல்லை. எனக்கும் இந்த உலகத்தைப் பார்க்க ஆசைதான், ஆனால் பத்து பாகம் என்றால் பயமாக இருக்கிறது.

பதில்: ஐயா, உங்களுக்கென்றே டெர்ரி பிராட்செட் இருக்கிறார். 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள், ஆனால் பெரும்பாலானவற்றைத் தனித்தனியாகவே படிக்கலாம், ஒன்றை விட்டால் இன்னொன்று புரியாது என்கிற தொல்லை இல்லை. 1992-ல் வந்த 'ஸ்மால் காட்ஸ்' நாவலை முதலில் எடுங்கள். ஒரு பெரிய மதம், ஆயிரக்கணக்கான பூசாரிகள், எல்லோரும் பயத்தில் கும்பிடுகிறார்கள், உண்மையில் நம்புகிறவன் ஒரே ஒருவன்தான், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மடத்துப் பையன். அந்த ஒருவனுடைய நம்பிக்கை மட்டுமே மிச்சம் என்பதால் கடவுள் ஆமையாகச் சுருங்கி மடத்துத் தோட்டத்தில் வந்து விழுகிறார். கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், ஒலிப்புத்தகமாகவும் கேட்கலாம். முடித்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், உங்களுக்குப் பிடித்தது எது என்று தெரிந்தால் அடுத்ததைச் சொல்கிறேன்.