கொள்கை, காப்பீடு, சட்டம்: இவை ஒரு நர்ஸின் வேலையை நிஜமாகவே மாற்றுகின்றனவா?

மாற்றுகின்றன. ஆனால் எல்லா விதியும் ஒன்றுபோல மாற்றுவதில்லை.

கேள்வி கேட்டிருப்பவர் பி.எஸ்சி. நர்சிங் மாணவி. பாடப் புத்தகத்தில் சுகாதாரக் கொள்கை, நிதி, சட்டம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, ஊசி போடுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறார். நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் இன்சார்ஜாக இருக்கிறேன். என் மதினி உசிலம்பட்டிப் பக்கம் கிராம சுகாதார செவிலியர். பண்டிகைக்குக் கூடும்போது நாங்கள் இருவரும் பேசுவதெல்லாம் டூட்டிக் கதைதான். அப்படிப் பேசிப் பேசி எனக்குப் பிடிபட்டது இது: பணத்தை முடிந்து அனுப்பிய விதி மறுவாரமே வார்டுக்குள் வந்து நிற்கும். பணத்தை முடிந்து அனுப்பாத விதி, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சென்னையிலோ டெல்லியிலோ ஃபைலுக்குள்ளேயே கிடக்கும்.

ஊசி என்று கேட்டீர்கள், ஊசியிலேயே ஆரம்பிக்கிறேன். என் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர். இருவருக்கும் எலும்பு முறிவு, இருவருக்கும் பிளேட் வைத்த ஆபரேஷன். ஒருவர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவர். அதில் பேக்கேஜ்தான்: ஆபரேஷன், மருந்து, சாப்பாடு, நர்ஸின் கவனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. நான் ஒரு சிரிஞ்சு கூடுதலாக எடுத்தால் அது மருத்துவமனையின் கையைக் கடிக்கும். பக்கத்துக் கட்டில்காரர் ரொக்கம். அவருக்கு எடுக்கும் ஒவ்வொரு சிரிஞ்சும் பில்லில் ஒரு வரி. முதல் கட்டிலுக்கு இரண்டாவது டிரிப் செட் கேட்டால் ஸ்டோரில் "எதுக்கு சிஸ்டர்?" என்பார்கள். இரண்டாவது கட்டிலுக்குக் கேட்டால் கேள்வியே இல்லை, கணினியில் ஏற்றினோமா என்பது மட்டும்தான் விசாரணை. இதே ரொக்கக்காரர் மெடிக்ளெய்ம் வைத்திருந்தால் இன்னொரு கூத்து. கையுறை, பஞ்சு, டயப்பர் என்று காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தராத பொருள்களுக்கு ஒரு நீண்ட பட்டியல் உண்டு. டிஸ்சார்ஜ் அன்று அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்டச் சொல்லும்போது குடும்பத்தார் பில் கவுன்ட்டரில் கோபப்படுவதில்லை. நேரே வார்டுக்கு வந்து, "இத்தனை கிளவுஸா போட்டீங்க?" என்று எங்களிடம்தான் கேட்கிறார்கள்.

இந்த மூன்று வகை நோயாளிக்கும் ஒரே மாதிரி காயம் கட்டத்தான் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டவும் செய்கிறோம். ஆனால் கட்டுவதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது பாருங்கள், அதுதான் நீங்கள் கேட்ட 'நிதி'.

இதற்காகத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2009-இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாறி, 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து, இன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை நிற்கிறது. மேலூரிலும் திருமங்கலத்திலும் நகையை அடகு வைத்து ஆபரேஷன் பண்ணிய காலத்தை என் அம்மா இன்னும் சொல்வார். ஆனால் அந்தப் பணம் மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டுமானால் கேஸ் ஷீட் சுத்தமாக இருக்க வேண்டும். முன் அனுமதி வந்த நேரம், நோயாளி கட்டிலில் இருக்கும் புகைப்படம், வைத்த பிளேட்டின் ஸ்டிக்கர், வைட்டல்ஸ் சார்ட், டிரிப் ஏறிய நேரம் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு ஸ்டிக்கர் காணோம் என்றால் கிளெய்ம் நிற்கும். கிளெய்ம் நின்றால் முதல் போன் இன்சார்ஜ் சிஸ்டருக்குத்தான். டாக்டரின் கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும் அதை வாங்கித் தருவது எங்கள் வேலையாகத்தான் வந்து முடிகிறது.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். ஆரோக்ய சஞ்சீவனி என்று 2020-இல் எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று கொண்டுவந்த பாலிசி இருக்கிறதே, அதில் அறை வாடகை, தங்கும் செலவு, நர்சிங் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். டாக்டரின் கட்டணத்துக்குத் தனி வரி, மருந்துக்குத் தனி வரி. எங்கள் வேலை கட்டிலோடும் சாப்பாட்டோடும் சேர்த்தி. ரொக்க பில்லில் 'நர்சிங் சார்ஜ்' என்று தனியாகப் போட்டாலும் அதற்கும் எங்கள் சம்பளத்துக்கும் தொடர்பு கிடையாது. தனி விலை இல்லாத வேலையைச் செய்கிறவரை நிர்வாகம் வருமானக் கணக்கில் வைக்காது, செலவுக் கணக்கில்தான் வைக்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தால் முதலில் எந்தத் தலைகளை எண்ணுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துத் தரும் என்.ஏ.பி.எச். சான்று. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி நுழைவுநிலைச் சான்று இருந்தால் பேக்கேஜில் 10 சதவீதம், முழுச் சான்று இருந்தால் 15 சதவீதம் கூடுதல். பணத்தை முடிந்து அனுப்பிய விதி என்றேனே, இதுதான். சான்றுக்கு விண்ணப்பித்த மாதத்திலேயே வார்டில் புது ஃபாரங்கள் முளைக்கும்: கீழே விழும் ஆபத்து எவ்வளவு, வலி பத்துக்கு எத்தனை, படுக்கைப்புண் வர வாய்ப்பு உண்டா. பலரும் இதைத் திட்டுவார்கள். நான் பாதிதான் திட்டுவேன். டாக்டர் போனில் சொல்லும் மருந்தை எழுதித் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும், ஆபத்தான மருந்தை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பதெல்லாம் நோயாளியையும் காப்பாற்றும், நம்மையும் காப்பாற்றும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைத் தனியாகப் பூட்டி வைக்கும் பழக்கம் எங்கள் வார்டுக்கு ஆடிட் வழியாகத்தான் வந்தது. திட்டுகிற பாதி எது என்றால், அந்த ஃபாரங்களை நிரப்ப ஆள் கூட்டாதது. ஆடிட் அன்றைக்கு மட்டும் சித்திரைத் திருவிழா மாதிரி வார்டு முழுக்க வெள்ளை யூனிஃபார்மாக இருக்கும். மறுநாள் பழையபடி, அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த பிறகான ஆற்றங்கரை.

நல்லதாக மாறியதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் அரசு பணம் தரும், தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை. அடிபட்டவர் எந்த ஊர், எந்த நாடு என்ற கேள்வி கிடையாது. மதுரையைச் சுற்றி நான்கு வழிச்சாலைகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும், ராத்திரி கேஷுவாலிட்டி சும்மா இருக்காது. முன்பு ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதே அட்வான்ஸ் பேச்சும் கூடவே வரும். கூட வந்தவர் வழிப்போக்கர் என்றால் இன்னும் மோசம். இப்போது இந்தத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில் அந்தப் பேச்சு இல்லாமல் நர்ஸ் லைன் போடலாம், ரத்தத்துக்கு அனுப்பலாம்.

ஆனால் 48-வது மணி நேரம் என்று ஒன்று வருகிறது. அதற்குப் பிறகு காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரொக்கம், அதுவும் முடியாவிட்டால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ. சான்று வேண்டும். பையன் வென்டிலேட்டரில் கிடக்கும்போது தகப்பன் சான்றுக்கு அலைவார். அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் ஐ.சி.யூ. வாசலில் இருக்கும் தாய் கேட்பது டாக்டரை இல்லை, எங்களைத்தான்: "நாளைக்கும் இங்கனயே வச்சுக்கிருவீகளா தாயி?" அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு அந்த அரசாணை தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பாடப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள் இங்கேதான் உயிர் பெறுகின்றன.

மதினியின் கதை வேறு. அவருக்கு கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதைப் போலவே பிக்மி பதிவும், அதாவது அரசின் கணினியில் கர்ப்பத்தைப் பதிவதும், முக்கியம். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி ஒழுங்காகக் கிடைக்கும். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். பிக்மி எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் வாங்க முடியாது. அதனால் ஊரில் அவரைப் பார்த்ததும் "யக்கா, பணம் ஏறலையே" என்பதுதான் முதல் வார்த்தை. மதினி இதைச் சிடுசிடுப்பாகத்தான் சொல்வார், ஆனாலும் அந்தப் பணம் இருப்பதால்தான் மூன்றாம் மாதத்திலேயே தேடி வருகிறார்கள், ஹீமோகுளோபின் குறைவை அப்போதே பிடித்துவிட முடிகிறது என்று அவரே ஒப்புக்கொள்வார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிஃப்டு முறையில் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்ததும் இதே வகை. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதில் சுகப்பிரசவம் பார்க்கும் கைகளில் நிறைய நர்ஸின் கைகள். அங்கே கொள்கையோடு பணமும் வந்தது, பணத்தோடு ஆளும் வந்தது.

மதுரைக்காரர்கள் மறக்கக்கூடாத இன்னொரு உதாரணம் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. கட்டணம் கொடுக்கிறவர்களின் பணத்தில் இலவச நோயாளிகளையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. அப்படியென்றால் டாக்டரின் ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாது. அதற்காக கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் தாங்களே பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனை முதல் தியேட்டரில் உதவுவது வரை பிரித்துக் கொடுத்தார்கள். சர்ஜன் ஒரு மேஜையில் ஆபரேஷன் முடிக்கும்போது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். அந்தப் பெண்கள் கவுன்சிலில் பதிவு பெற்ற நர்ஸ்கள் இல்லை, கண் மருத்துவத்துக்கென்றே பயிற்சி பெற்றவர்கள். பணம் எப்படி வருகிறது என்பதை வைத்து ஒரு புது வேலையே உருவானதற்கு இதைவிட அருகில் உதாரணம் கிடைக்காது. இதையே சாக்காக வைத்து, ஒரு வருஷ கோர்ஸ் முடித்த பிள்ளைக்கு யூனிஃபார்ம் மாட்டி ஐ.சி.யூ.வில் நிறுத்தும் இடங்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

இனி ஃபைலிலேயே கிடக்கும் விதிகள். பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யூ.வில் படுக்கைக்கு ஒருவர் என்று மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு ஓர் அளவு வைத்திருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு இன்னும் தாராளம்: கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 பேருக்கு ஒருவர், மற்ற இடங்களில் 5 பேருக்கு ஒருவர், விடுப்புக்கு 30 சதவீதம் தனியாக. ராத்திரி ஒரு முழு வார்டுக்கு இரண்டு பேர் என்பதுதான் தனியார் பக்கம் நான் பார்த்த வழக்கம். இந்த அளவை மீறினால் கிளெய்ம் நிற்காது, பேக்கேஜ் குறையாது. அவ்வளவுதான் காரணம், வேறு ரகசியம் எதுவும் இல்லை.

சம்பளமும் அப்படியே. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசுச் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும், 50-க்கும் குறைவான படுக்கை உள்ள இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. கேரளம் 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக அரசாணையே போட்டது, அதுவும் சும்மா வரவில்லை, நர்ஸ்கள் தெருவில் இறங்கிய பிறகு வந்தது. கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. அரசு வேலை என்றால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். 2015-இல் தேர்வு வைத்து எடுத்த ஏழாயிரத்துச் சொச்சம் நர்ஸ்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடியதை ஊரே பார்த்தது. பணி நிரந்தரம் என்ற சொல் காகிதத்தில் இருந்தது, அதற்கான பணியிடமும் பணமும் கூடவே வரவில்லை.

சட்டம் என்று பார்த்தால் மதராஸ் மாகாணத்தில் 1926-இலேயே நர்ஸ்களுக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில், 2023-இல் அதன் இடத்துக்கு தேசிய ஆணையம் அமைக்கும் புதுச் சட்டம். தேர்வுக்கு வருஷங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு புது அரசாணையோ சுற்றறிக்கையோ வந்தால் நான் இரண்டு இடத்தைத்தான் முதலில் தேடிப் படிப்பேன்: இதைச் செய்யாவிட்டால் யாருக்குப் பணம் நிற்கும், இதைச் செய்ய எத்தனை ஆள் தருகிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் இருந்து இரண்டாவதற்கு இல்லையென்றால், அந்த மாதம் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போக நேரமாகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவேன்.

படிப்பு முடிந்து மதுரையில் இன்டர்வியூவுக்குப் போகும்போது சம்பளத்தோடு சேர்த்து இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். நைட்டில் வார்டுக்கு எத்தனை படுக்கை, எத்தனை ரிஜிஸ்டர்டு நர்ஸ்? காப்பீட்டு ஃபைல் வேலைக்குத் தனி ஆள் உண்டா, இல்லை அதுவும் சிஸ்டர்தானா? கிளெய்ம் தள்ளுபடியானால் சம்பளத்தில் பிடிப்பார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், சர்ட்டிஃபிகேட் ஒரிஜினலை அங்கே கொடுத்துவிட்டு வராதீர்கள்.