வாசகர் கேள்வி: வெளியுறவுப் பணிக்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள் வேண்டும்?

கேள்வி: நான் பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ்வழியில் படித்த வரலாற்றுப் பட்டதாரி. இந்திய வெளியுறவுப் பணியில் சேர விரும்புகிறேன். சொற்பட்டியல் நூல் ஒன்றை வாங்கி, நாளுக்கு இருபது அரிய ஆங்கிலச் சொற்கள் வீதம் மனப்பாடம் செய்து வருகிறேன். ஐந்து மாதங்களில் படித்தவற்றில் பாதி மறந்துவிட்டது. இந்த வழி சரிதானா, ஐயா?
(வாசகி, விருத்தாசலம்)

பதில்: மறந்தவற்றுக்காக வருந்தாதீர்கள். அச்சொற்களில் பெரும்பாலானவை தேர்விலும் வரப்போவதில்லை, பணியிலும் வரப்போவதில்லை.

முதலில் தேர்வைப் பார்ப்போம். வெளியுறவுப் பணிக்கும் குடிமைப் பணித் தேர்வின் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் ஆங்கிலத் தாளுக்கு 300 மதிப்பெண்கள். அதில் 25 விழுக்காடு, அதாவது 75 மதிப்பெண்கள் பெற வேண்டும். இம்மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் அந்த 75 கிடைக்காவிட்டால், பொது அறிவுத் தாள்களையும் விருப்பப் பாடத்தையும் எவ்வளவு சிறப்பாக எழுதியிருந்தாலும் அவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படமாட்டா. அண்மைக்கால வினாத்தாள்களில் கட்டுரைக்கு 100, பத்தியைப் படித்து விடையளிப்பதற்கு 75, சுருக்கி வரைவதற்கு 75, இலக்கணத்துக்கும் சொல்லாட்சிக்குமாக 50 என்று மதிப்பெண்கள் பிரிந்திருக்கின்றன. எதிர்பார்க்கப்படும் தரம் ஏறத்தாழப் பத்தாம் வகுப்புத் தரம்தான். உங்கள் பட்டியலில் உள்ள சொற்களுக்கு இதில் எவ்வளவு இடம் இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பணியிலோ நிலைமை இன்னும் வேறு. அரசதந்திர ஆங்கிலத்தில் உயிர்நிலை, எல்லோருக்கும் தெரிந்த சின்னச் சொற்களில்தான் இருக்கிறது. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அண்மைய மோதலில்’, அதாவது அவ்வாண்டின் அரபு–இஸ்ரேல் போரில், பிடிக்கப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்று அது கூறுகிறது. ஆங்கில வாசகத்தில் ‘டெரிட்டரீஸ்’ என்ற சொல்லுக்கு முன் ‘தி’ இல்லை. ஆகவே, பிடித்த எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது இஸ்ரேல் தரப்பின் வாதம். பிரெஞ்சு வாசகத்திலோ ‘தே டெரிட்வார்’ என்று சுட்டிடைச்சொல் சேர்ந்தே வருகிறது. அதைக் காட்டி, எல்லாப் பகுதிகளும்தான் என்கிறார்கள் அரபு நாட்டார். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த வழக்கு ஓயவில்லை. தமிழில் இத்தகைய சுட்டிடைச்சொல் இல்லாததால், ஆங்கிலப் பத்தியில் ‘தி’ இருக்கிறதா இல்லையா என்று நம் கண் பார்ப்பதே இல்லை. முதலில் பழக்க வேண்டியது இந்தக் கண்ணைத்தான்.

இன்னொன்று, நம்முடைய ‘வேண்டும்’. ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘ஷுட்’ மூன்றையும் நாம் இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஒப்பந்த ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்பது சட்டக் கடமை. ‘ஷுட்’ என்பது செய்வது நல்லது என்ற அளவிலான எதிர்பார்ப்பு. 2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் ஏற்கப்படவிருந்த கடைசி மணி நேரங்களில், வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பைப் பற்றிய நான்காம் உறுப்பின் ஒரு வரியில் ‘ஷல்’ இருப்பதை அமெரிக்கத் தரப்பு கண்டது. அது அப்படியே நின்றிருந்தால் ஒப்பந்தத்தைச் செனட் சபையின் ஒப்புதலுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை வந்திருக்கும். அங்கே அது தேறாது என்பது எல்லோருக்கும் தெரியும். இறுதியில், எழுத்துப் பிழைத் திருத்தங்கள் என்று வாசிக்கப்பட்டவற்றோடு சேர்த்து, அந்த ‘ஷல்’ அமைதியாக ‘ஷுட்’ ஆனது. அந்த அரங்கில் ஓர் இளநிலை அதிகாரி வரைவைப் படித்துக்கொண்டிருந்திருந்தால், அவருக்கு உதவியிருக்கக்கூடிய சொல்லறிவு எது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, நாளுக்கு இருபது அரிய சொற்களை விட்டுவிட்டு, நாளுக்கு ஒரு வினைச்சொல் குடும்பத்தைப் படியுங்கள். ஐ.நா. தீர்மானங்களில் ‘நோட்ஸ்’ என்றால் ஒன்றைக் கவனித்ததாகப் பதிவு செய்வது மட்டும். ‘வெல்கம்ஸ்’ என்றால் அதை ஏற்று மகிழ்வது. போலந்தின் காட்டோவிட்சே நகரில் 2018இல் நடந்த காலநிலை மாநாட்டில், ஒன்றரைப் பாகை வெப்ப உயர்வைப் பற்றிய அறிவியல் அறிக்கைக்கு இவ்விரண்டில் எதைச் சூட்டுவது என்பதிலேயே நாடுகள் பிளவுபட்டன. அதேபோல் ‘கால்ஸ் அப்பான்’ என்பது அழைப்பு, ‘டிமாண்ட்ஸ்’ என்பது வலியுறுத்திக் கேட்பது, ‘டிசைட்ஸ்’ என்பது முடிவு. இந்தப் படிவரிசை மனத்தில் பதிந்துவிட்டால், ஒரு தீர்மானத்தின் வலிமையை அதன் வினைச்சொற்களைக் கொண்டே மதிப்பிட்டுவிடலாம்.

கேள்வி: முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் பத்திகள் எனக்கு நன்றாகவே புரிகின்றன. ஆனால் விடைகளில் இரண்டு சரியாகத் தோன்றுகின்றன. நான் குறிப்பது எப்போதும் மற்றதாக இருக்கிறது.
(வாசகர், தேனி)

பதில்: உங்கள் சிக்கல் பெரும்பாலும் பத்தியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ‘க்ரக்ஸ்’ என்று கேட்டால் பத்தியின் சாரத்தைக் கேட்கிறார்கள்; ‘இன்ஃபரன்ஸ்’ என்றால் பத்தியிலிருந்து வெளியே எடுக்கக்கூடிய முடிவை; ‘அசம்ப்ஷன்’ என்றால் ஆசிரியர் சொல்லாமலேயே ஏற்றுக்கொண்டுள்ள அடிப்படையை. ஒரே பத்திக்கு மூன்று வகைக் கேள்விகளும் வரலாம். ஒன்றுக்குச் சரியான விடை மற்றொன்றுக்குத் தவறாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ‘கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் கட்டினால் இந்நகரின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடும்’ என்று ஒரு பத்தி கூறுவதாகக் கொள்வோம். நகரில் தண்ணீர்ப் பஞ்சம் இருக்கிறது என்பது பத்தியிலேயே உள்ள செய்தி. கிடைக்கும் நீரின் அளவு குறைவாக இருப்பதே பஞ்சத்துக்குக் காரணம், குழாய்களில் ஒழுகி வீணாவது அன்று என்பது ஆசிரியரின் சொல்லப்படாத அடிப்படை. ‘எல்லாக் கடலோர நகரங்களும் இத்தகைய ஆலைகளைக் கட்ட வேண்டும்’ என்ற விடை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் பத்தி பேசியது ஒரே ஒரு நகரத்தைப் பற்றி. அடிப்படை சரியா என்று சோதிக்க, அதை மறுத்துப் பாருங்கள். மறுத்தவுடன் பத்தியின் வாதம் சரிந்தால் அதுவே விடை.

விடைகளில் ‘ஒன்லி’, ‘ஆல்’, ‘ஆல்வேஸ்’ போன்ற சொற்களைக் கண்டால், பத்தியும் அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். ‘நாட் ஆல்’ என்பதையும் தமிழர் அடிக்கடித் தவறவிடுகிறோம். ‘எல்லோரும் வரவில்லை’ என்றால் ஒருவருமே வரவில்லை என்றும், சிலர் வரவில்லை என்றும் தமிழில் இரு பொருள் கொள்ள முடியும். ஆங்கிலத்தின் ‘நாட் ஆல்’ இரண்டாவதை மட்டுமே குறிக்கும்.

இத்தாளில் 80 வினாக்களுக்கு 200 மதிப்பெண்கள். தேறுவதற்கு 33 விழுக்காடு போதும். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும் என்பதால், ஊகித்துக் குறிப்பதை மட்டுப்படுத்துங்கள்.

கேள்வி: சுருக்கி வரைவதில் எங்கே பிழை செய்கிறோம்?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: மூலப் பத்தியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, தலைப்பு வேண்டாம், சொந்த நடை. இவை வினாத்தாளிலேயே இருக்கும். நான் திருத்தும் தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ‘மே’, ‘இன் மெனி கேசஸ்’ போன்றவற்றை வெட்டிவிடுவது. மூலத்தில் ‘நடக்கக்கூடும்’ என்றிருந்தது சுருக்கத்தில் ‘நடக்கும்’ ஆகிவிடுகிறது. எடுத்துக்காட்டுகளை வெட்டுங்கள், ஐயக் குறிப்புகளை வெட்டாதீர்கள்.

கேள்வி: ‘ரிக்ரெட்’, ‘சாரி’, ‘அபாலஜி’ மூன்றும் ஒன்றுதானே?
(வாசகர், சேலம்)

பதில்: வீட்டில் ஒன்றாக இருக்கலாம். 2001 ஏப்ரல் 1 அன்று சீனாவின் ஹைனான் தீவுக்கு அருகில் அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானத்தின் 24 பேரும் ஹைனானில் தடுத்து வைக்கப்பட்டனர். சீனா ‘அபாலஜி’ கேட்டது; அச்சொல்லைச் சொன்னால் தவற்றை ஒப்புக்கொள்வதாகும் என்பதால் அமெரிக்கா மறுத்தது. பதினோராம் தேதி அமெரிக்கத் தூதர் கொடுத்த கடிதத்தில் ‘வெரி சாரி’ என்ற தொடர் இருமுறை இடம்பெற்றது: விமானியின் இழப்புக்காக ஒருமுறை, அனுமதியின்றிச் சீன வான்வெளியில் நுழைந்து இறங்கியதற்காக ஒருமுறை. சீனா அதை மன்னிப்புக்கு நெருங்கிய சொல்லால் தன் மக்களுக்கு அறிவித்தது. அமெரிக்கா அது மன்னிப்பன்று என்று தன் மக்களிடம் கூறியது. விமானக் குழுவினர் வீடு திரும்பினர்.

கேள்வி: ‘டேபிள்’ என்பதை வினைச்சொல்லாகப் பயன்படுத்தினால் என்ன பொருள்?
(அதே வாசகர்)

பதில்: பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒன்றை விவாதத்துக்கு முன்வைப்பது, நம் நாடாளுமன்றத்திலும் இதுவே வழக்கு. அமெரிக்க ஆங்கிலத்தில் அதற்கு நேர்மாறாக, விவாதிக்காமல் ஒத்திவைப்பது. ஆகவே நியூயார்க்கில் எவராவது உங்கள் முன்மொழிவை ‘டேபிள்’ செய்யலாம் என்றால், அவர் எந்த நாட்டவர் என்று பார்த்துவிட்டு நன்றி சொல்லுங்கள்.